பெண்களுக்கான நாட்டு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் சித்த மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் கையில் ஒரு பொட்டலத்தோடுதான் வருகிறார்கள். மாசி வீதியில் வாங்கியது, அழகர்கோவிலுக்குப் போனபோது வாங்கியது, மதினி கொடுத்தது, யூடியூபில் பார்த்து வீட்டிலேயே இடித்தது என்று பலவிதம். "இதைச் சாப்பிடலாமா டாக்டரம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் கோளாறுக்காகச் சாப்பிடுகிறோம் என்பது அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் இதையே பல இடங்களில் வலியுறுத்தியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்துவிட்டது. கழற்சிக்காய் சாப்பிட்டால் கரைந்துவிடுமா?

கரைத்து வெளியேற்றும்படி அங்கே ஒன்றும் இல்லை. மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வர வேண்டும். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடிப்போனால் அந்த முதிர்ச்சி பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன சின்னச் சின்னப் பைகள்தான், 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில், ஸ்கேனில் தெரிகின்றன. முட்டை வராததால் நாள் தள்ளிப்போகிறது. சரிசெய்ய வேண்டியது ஹார்மோன் ஓட்டத்தை.

இன்னொன்று, ஸ்கேன் தாளை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு கட்ட முடியாது. 2003-ல் ரோட்டர்டாமில் வகுத்த வரையறைப்படி, மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (தாடையில் முடி, அடங்காத பரு, அல்லது ரத்தப் பரிசோதனை), ஸ்கேன் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்துப் பயமுறுத்துவது எனக்குப் பெரிய வருத்தம். வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயைச் சொல்லக் கூடாது என்று 2018-ல் வந்த உலகளாவிய வழிகாட்டுதலே சொல்கிறது.

கழற்சிக்கு வருகிறேன். சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி இருக்கும் அந்தக் கொட்டையைச் சுத்தியலால் தட்டினால்தான் உடையும். உள்ளே இருக்கும் வெளிர் மஞ்சள் பருப்பை மிளகோடு சேர்த்து இடித்துக் கொடுப்பது பழைய முறை. கடுங்கசப்பு. நானும் சிலருக்குக் கொடுக்கிறேன். ஆனால் பெண்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அது மட்டுமே போதும் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. நிச்சயமாகப் பலன் தருவது எது என்றால், கூடுதல் எடை உள்ளவர்கள் தங்கள் மொத்த எடையில் ஐந்து சதவீதம் குறைப்பது. 80 கிலோ இருப்பவர் நான்கு கிலோ குறைத்தாலே பலருக்கு முட்டை வரத் தொடங்கிவிடுகிறது. நடை, ராத்திரிச் சோற்றில் பாதியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, நேரத்துக்குத் தூங்குவது என இவற்றோடு சேர்த்துத்தான் எந்தச் சூரணமும். மருந்து எடுக்கிறோமே என்ற தைரியத்தில் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் விட்டுவிடாதீர்கள். கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. பெண் மருத்துவரைப் பார்த்து அதை வரவழைத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

தீட்டு வந்த மூன்று நாளும் வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா?

நீங்களாகக் குடிக்காதீர்கள். மலைவேம்பு என்ற பெயரில் நம் பக்கம் இரண்டு மரங்கள் இருக்கின்றன. ஒன்று, தோட்டங்களில் மரச்சாமானுக்காக வரிசையாக வளர்ப்பது. இன்னொன்றின் பழம் விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி நரம்பு வரை பாதிக்கும். இலையைப் பறித்துக் கொண்டுவந்து கொடுப்பவருக்கே பல நேரம் எது எதுவென்று தெரிவதில்லை. கரு உருவாகியிருந்து தெரியாமல் குடித்தால் இன்னும் ஆபத்து. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் லேசான உதிரத்தைத் தீட்டு என்று நினைத்துச் சாறு குடிக்கிறவர்கள் உண்டு.

மாதாமாதம் வயிற்றுவலி உயிர் போகிறது. வீட்டிலேயே ஏதாவது உண்டா?

உண்டு, சுக்கு. ஆய்வுகளும் கைகொடுக்கிற மிகச் சில பொருட்களில் இது ஒன்று. மாதவிலக்கின் முதல் மூன்று நான்கு நாட்களில் நாளொன்றுக்கு 750 முதல் 2,000 மில்லிகிராம் வரை சுக்குத்தூள் கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்திருக்கிறது. வீட்டுக் கணக்கில் அது அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கருப்பட்டிக் காப்பியில் போட்டுக் குடிக்கலாம். அல்சர் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வேண்டாம். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் நன்றாகக் கேட்கும்.

ஆனால் சில வலிகள் சுக்குக்கு அடங்காது. வருடா வருடம் கூடிக்கொண்டே போகிற வலி, தீட்டு முடிந்த பிறகும் விடாத வலி, தாம்பத்தியத்தின்போதும் மலம் கழிக்கும்போதும் குத்துகிற வலி இவையெல்லாம் எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உள்சுவர் போன்ற சதை கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு பிள்ளை பெத்தா சரியாப்போகும்" என்று அம்மாவோ அத்தையோ சொல்வதைக் கேட்டுப் பல வருடம் பொறுத்துக்கொண்டு கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவுக்கு வலி என்றால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இல்லை.

உதிரப்போக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. அசோகப்பட்டைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறேன், கேட்கவில்லையே?

முதல் சந்தேகம், நீங்கள் குடிப்பது அசோகப்பட்டைதானா என்பது. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் மதில் ஓரமாகக் கம்பம்போல நெட்டையாக நிற்கிறதே, ஓரம் நெளிந்த இலையோடு, அதை எல்லோரும் அசோக மரம் என்கிறார்கள். அது நெட்டிலிங்கம். அதன் பூ பச்சையாக, கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். மருந்துக்கு உரிய அசோகு குடைபோலப் படர்ந்து நிற்கும். கொழுந்து செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். பூ ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பட்டையை உரித்து உரித்தே அந்த மரம் அருகிப்போய்விட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிய வாய்ப்புள்ள மரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால்தான் சந்தையில் நெட்டிலிங்கப் பட்டை அதன் பெயரில் விற்கிறது.

கையில் எடுத்துப் பாருங்கள். உண்மையான பட்டையின் வெளிப்புறம் மரு மருவாகச் சொரசொரப்பாக இருக்கும். உள்பக்கம் செம்பழுப்பு. ஒரு துண்டை மென்றால் நாக்கை நன்றாகத் துவர்ப்பு பிடிக்கும். இதெல்லாம் முதல் கட்டச் சோதனைதான். பொடியாக இடித்துவிட்டால் நானே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பட்டையைப் பொடியாக வாங்காதீர்கள்.

பட்டை அசலாகவே இருந்தாலும், பெரும்பாட்டுக்கு, அதாவது அதிக உதிரப்போக்குக்கு, காரணம் தெரியாமல் கஷாயத்தைத் தொடரக் கூடாது. நார்க்கட்டி, உள்சுவர்ச் சதை, தைராய்டு, ரத்தம் உறைவதில் குறை, கருச்சிதைவு, நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் புற்றுநோய் என்று காரணங்கள் பல. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைந்தாலோ கஷாய அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயக்கமும் சேர்ந்து வந்தால் 108.

ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு இருந்தார்கள். களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டு வந்து "கை கால் அசதியா இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கு என் முதல் மருந்துச் சீட்டு பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான். முருங்கைக்கீரை நல்லது. அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிடுங்கள், சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள். ஆனால் எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கீரையால் மட்டும் ஏறாது. இரும்புச்சத்து மாத்திரை வேண்டும், சிலருக்கு ஊசி வேண்டும்.

மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். உளுந்தங்களி, பச்சை முட்டை எல்லாம் கொடுக்கச் சொல்கிறாள் அப்பத்தா.

உளுந்தங்களியைத் தாராளமாகக் கொடுங்கள். தோல் உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்த அருமையான சாப்பாடு அது. வளரும் பிள்ளைக்குப் புரதமும் நல்ல கொழுப்பும் கிடைக்கிறது. சடங்கு முடிந்ததும் நிறுத்திவிடாமல் வாரம் ஒரு நாளாவது கிண்டுங்கள். முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை முட்டையில் கிருமி இருக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிலக்கு 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். அதற்காக மருந்து எதுவும் தேவையில்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் "கறுப்பா போகுது" என்று சொல்லித் தூக்கி எறியாமல் சாப்பிடச் சொல்லுங்கள். மலம் கறுப்பது அந்த மாத்திரையால் வரும் சாதாரண விஷயம்.

வெள்ளைப்படுதல் எலும்பை உருக்கிவிடும் என்கிறார்களே?

எலும்பு உருகாது. முட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழப்பாகப் படுவது உடம்பு சரியாக வேலை செய்வதன் அடையாளம். அரிப்பு, நாற்றம், தயிர் திரிந்ததுபோல் கட்டி, பச்சை மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி என்றால் தொற்று. அதற்குப் பரிசோதித்துப் பார்த்து மருந்து எடுக்க வேண்டும், சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். படிகாரத் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர் என்று உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். அங்கே நல்ல கிருமிகள் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக் கழுவிவிட்டால் தொற்று கூடும்.

சோற்றுக்கற்றாழையை இதற்குச் சாப்பிடுகிறவர்கள் மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலை முழுசாக வடியவிட்டு, சோற்றைப் பலமுறை அலசிவிட்டுச் சாப்பிட வேண்டும். அந்த மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. கர்ப்பிணிகளுக்குக் கற்றாழையே வேண்டாம்.

நாள் தள்ளிப்போய்விட்டது. எள்ளும் கருப்பட்டியும் இடித்துச் சாப்பிட்டால் வந்துவிடுமா?

சாப்பிடுவதற்கு முன்னால் மெடிக்கலில் சிறுநீர்ப் பரிசோதனைக் கார்டு ஒன்று வாங்கிப் பாருங்கள். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக வயிறு வலித்து, சொட்டுச் சொட்டாக உதிரம் பட்டால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் எள்ளும் அன்னாசியும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பது நேரத்தைத் தொலைப்பது.

கர்ப்பம் என்று தெரிந்து, அது வேண்டாம் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், வெட்கப்படாமல் கேளுங்கள். எருக்கங்குச்சி, பச்சைப் பப்பாளி, யாரோ கொடுத்த கஷாயம் எதுவும் வேண்டாம். எருக்கங்குச்சி வைத்துச் சீழ் பிடித்து இறந்த பெண்கள் நம் கிராமங்களில் உண்டு. கருக்கலைப்பு 1971-ல் வந்த சட்டப்படி இந்தியாவில் நடக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் சொன்னால் 24 வாரம் வரை உண்டு. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் கேட்கப்படவில்லை. அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. குழந்தைக்கு என்ன மூலிகை எடுக்கலாம்?

கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்துவிட்டதா? குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. மருமகளை மட்டும் கோவில் கோவிலாக, வைத்தியர் வைத்தியராக அழைத்துப்போகும் மாமியார்களிடம் நான் இதை நேருக்கு நேராகவே சொல்கிறேன். பெண்ணுக்கு 35-க்குக் கீழே என்றால் ஒரு வருடம், 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம் முயற்சி செய்தும் தங்கவில்லை என்றால் இருவருமாகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். குழந்தைக்கு முயற்சி செய்கிறபோதே ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிடுங்கள். குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுப்பதில் இதற்கு இணையான மூலிகை கிடையாது.

செம்பருத்திப் பூவை உடல்சூட்டுக்கும் முடிக்கும் தினம் சாப்பிடுகிற பழக்கம் இருக்கிறது. எலிகளிடம் செய்த ஆய்வுகளில் அந்தப் பூவின் சாறு கரு தங்குவதைத் தடுத்திருக்கிறது. ஆகவே குழந்தைக்காக முயற்சி செய்யும் மாதங்களில் அதைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மாதவிலக்குக்கு முந்தைய எரிச்சலுக்கு என்று ஒரு வெளிநாட்டு நொச்சிப் பழத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நம் வேலியில் நிற்கும் நொச்சி அதன் ஒன்றுவிட்ட உறவு மட்டுமே. அந்த ஆய்வை நம் நொச்சிக்குப் பொருத்திக் கஷாயம் வைக்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?

சமையலில் போடும் சீரகம், மஞ்சள், பூண்டு, வெந்தயம் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. மருந்தளவில் எடுக்கிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். குறிப்பாக அமுக்கராக்கிழங்கு (அஸ்வகந்தா), கற்றாழை, கழற்சி, மலைவேம்பு, அதிமதுரம். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். லேபிள் இல்லாத செந்தூரம், பற்பம் (உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பொடிகள்) எதையும் தொடாதீர்கள். முறையாகச் செய்யாதவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும், ஈயம் தாயிடமிருந்து குழந்தையின் மூளைக்குப் போகும்.

பிள்ளை பெற்றவளுக்கு லேகியமும் தண்ணீர்விட்டான் கிழங்கும் கொடுக்கலாமா? பால் ஊறுமா?

சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி போட்டுக் கிளறிய பிரசவ லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு கொடுப்பதில் தப்பில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கில் செய்வதுதான் சதாவரி லேகியம். தமிழக அரசு கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் கொண்டுவந்த மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் இருந்த 11 சித்த மருந்துகளில் சதாவரி லேகியமும் ஒன்று. மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம், உளுந்துத் தைலம் எல்லாம் அதில் உண்டு. சர்க்கரை உள்ள தாய்மார்கள் லேகியத்தில் இருக்கும் வெல்லத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பாலுக்கு வருகிறேன். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு ஊறும். ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மார்பில் போட வேண்டும். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாய்க்கு நல்ல சாப்பாடு, அதைச் சந்தோஷமாகச் செய்து கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கோடையில் நம் ஊர் வெயிலுக்கு அது கொடுமை. தாகம் எடுக்கிறபோதெல்லாம் குடிக்கட்டும்.

தைராய்டு, சர்க்கரை மாத்திரையோடு நாட்டு மருந்து சேர்க்கலாமா?

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். இரும்பு, கால்சியம் இரண்டையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். சூரணத்தையும் அப்படியே தள்ளி வைப்பது நல்லது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டும். சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையோடு கழற்சி, வெந்தயப் பொடி, ஆவாரம்பூ எல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் சிலருக்குச் சர்க்கரை அதிகமாக இறங்கலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதையும் தாங்களாகச் சேர்க்கக் கூடாது. ஆங்கில மருத்துவரிடம் "நாட்டு மருந்தும் சாப்பிடுறேன்" என்று சொன்னால் திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள்.

மாதவிடாய் நிற்கும் வயது. திடீரென்று உடம்பு தீயாக எரிகிறது, வேர்த்துக் கொட்டுகிறது.

நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. எரிச்சல் சில வருடங்களில் தணியும். பருத்தி உடை, ராத்திரி காரத்தையும் காப்பியையும் குறைப்பது, தினசரி நடை ஆகியவை உதவும். தூக்கமே இல்லாத அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பெண் மருத்துவரிடம் கேளுங்கள். அதைச் சித்த மருத்துவர் நானே சொல்கிறேன். எலும்புக்குக் கேழ்வரகு, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பிரண்டைத் துவையலும் செய்யலாம், இளசாகப் பார்த்து நார் உரித்து எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்தால்தான் நாக்கு அரிக்காது.

ஒரு வருடம் முழுக்க நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே பரிசோதனை. "சூட்டுல வந்திருக்கும்" என்று தள்ளிப்போடாதீர்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள்.

மருந்தை எங்கே வாங்குவது? யாரிடம் காட்டுவது?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும், தாலுகா மருத்துவமனைகள் பலவற்றிலும், சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் பார்ப்பார், மருந்தும் இலவசம். 1983-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான டாம்ப்கால் இந்த மருந்துகளைச் செய்கிறது. தனியாரிடம் வாங்கினால் லேபிளில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்ந்த பொருட்கள், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். சதுரகிரி மூலிகை, அழகர்மலை மூலிகை என்று சொல்லி விற்பதை நம்பி வாங்காதீர்கள். சதுரகிரி இப்போது புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, அங்கே செடியைப் பிடுங்கவே அனுமதி இல்லை.

"மூன்றே மாதத்தில் மாதவிலக்குக் கோளாறு தீரும்" என்று போனில் வருகிற விளம்பரம் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படி விற்கிறவரிடம் உங்கள் மகளையோ மருமகளையோ அனுப்பாதீர்கள்.

மருத்துவரிடம் வரும்போது கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகள், பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், கூடவே அந்தப் பொட்டலத்தையும் கொண்டுவாருங்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பேச முடியும்.